கேட்பவரின் கடன்

சூதாட்ட மண்டபத்தில் பாஞ்சாலி கேட்ட கேள்விக்குப் பெரியவர்கள் ஒருவரும் விடை சொல்லாதபோது, விதுரர் ஒரு பழைய கணக்கை நினைவூட்டுகிறார். ஓர் அவையில் அநீதி நடந்து, கண்டிக்க வேண்டியவர்கள் கண்டிக்காமல் இருந்துவிட்டால், அந்தப் பாவத்தில் பாதி அவைத் தலைவனைச் சேரும். கால் பங்கு செய்தவனைச் சேரும். மீதிக் கால் பங்கு பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அவையோரைச் சேரும். காசியபர் பிரகலாதனுக்குச் சொன்னதாகச் சபாபருவம் தரும் கணக்கு இது. செய்தவனுக்கும் சும்மா இருந்தவனுக்கும் சம பங்கு என்பதுதான் இதில் உறுத்துகிற இடம். தனியார் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவிலோ, மருந்துச் சோதனைக்கூடத்திலோ, கழிவுநீர்க் குழாய் ஆற்றில் இறங்கும் இடத்திலோ நடக்கும் தவற்றை அறிந்தும், மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும் ஊழியருக்கும் அந்தக் கால் பங்கு உண்டா? உண்டு என்றால், அவர் பேசிய மறுநாள் வேலை பறிபோகும்போது அந்தப் பழியில் நமக்குப் பங்கு இல்லையா? முதல் கேள்வியை மதங்களும் நீதிநூல்களும் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கின்றன. இரண்டாவதை வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டும் ஒரே அறக்கேள்வியின் பகுதிகள். இரண்டாவதற்கு விடை சொல்லாத சமூகத்துக்கு முதல் கேள்வியைக் கேட்கும் தகுதி கிடையாது.

தமிழ் மனத்துக்கு இது எளிதான கேள்வியல்ல. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கூத்திலும் திரையிலும் நம் கண்ணீரை வாங்கியவன் கர்ணன். நியாயம் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காக உயிரைக் கொடுத்தவன். கம்பனின் கும்பகருணன் அண்ணனுடைய தவற்றை முகத்துக்கு நேரே சொல்கிறான். சொன்ன கையோடு அவனுக்காகவே போருக்குப் போய் மடிகிறான். அவனை நினைத்து உருகுகிற நாம், அதே தவற்றைச் சொல்லி, அவமானப்பட்டு, வெளியேறிய வீடணனைப் பற்றிச் சற்றுத் தயங்கியே பேசுகிறோம். வைணவ ஆசாரியர்கள் வீடணனின் அடைக்கலத்தைச் சரணாகதிக்கே இலக்கணமாகக் கொண்டார்கள். பட்டிமன்ற மேடை இன்னும் அவன் துரோகியா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் செஞ்சோற்றுக் கடனைப் புகழ்கிறவர்கள் பாரதத்தில் ஓர் இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் விடை சொல்லாமல் இருந்த அதே அவையில் திரௌபதிக்காக எழுந்து பேசிய கௌரவன் ஒருவன் உண்டு: துரியோதனனின் தம்பி விகர்ணன். அவனைச் சிறுபிள்ளை என்று ஏசி அடக்கியவன் கர்ணன்தான். ஆக, நன்றிக்கடன் கடன்பட்டவனின் வாயை மட்டும் அடைப்பதில்லை; பேச எழுந்த பக்கத்து ஆளின் வாயையும் அடைக்கிறது. பீஷ்மரும் போர் தொடங்குமுன் தருமரிடம், மனிதன் பொருளுக்கு அடிமை, கௌரவர்கள் என்னைப் பொருளால் கட்டிவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். துரோணரும் கிருபரும் சல்லியனும் அதையே சொல்கிறார்கள். அவர்கள் யாரும் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கட்டுண்டவர்களின் வெட்கம்தான் அந்தப் பேச்சில் இருக்கிறது.

செஞ்சோற்றுக் கடன் என்ற கடமையையே மறுக்க வேண்டியதில்லை. சம்பளம் தரும் இடத்துக்கு ஊழியர் உண்மையாக இருக்கத்தான் வேண்டும். அதன் தொழில் ரகசியத்தைப் போட்டியாளரிடம் விற்கக் கூடாது. வேலையில் ஏமாற்றக் கூடாது. கேட்க வேண்டியது, கம்பெனியில் சோறு போடுகிறவர் யார் என்பதைத்தான். துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டைத் தன் கையால் கொடுத்தான். ஒரு மேலாளரோ நிர்வாக இயக்குநரோ தன் வீட்டுப் பணத்தை எடுத்துச் சம்பளம் போடுவதில்லை. கம்பெனி என்பது அதைத் தொடங்கியவர்களிலிருந்தும் நடத்துபவர்களிலிருந்தும் வேறான ஒரு சட்ட நபர் என்பது 1896-இல் சாலமன் வழக்கில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை உறுதிசெய்த கோட்பாடு. நம் கம்பெனிச் சட்டமும் அதன்மேல்தான் நிற்கிறது. கம்பெனி கடனில் மூழ்கினால் பங்குதாரரின் வீடு ஜப்திக்குப் போகாமல் இருப்பது இதனால்தான். அந்தச் சலுகையை அனுபவிக்கும்போது 'கம்பெனி வேறு, நான் வேறு' என்கிறவர், தன் மோசடி வெளியே வரும்போது மட்டும் 'என்னைக் காட்டிக்கொடுப்பது கம்பெனிக்குச் செய்யும் துரோகம்' என்று சொல்ல முடியாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் பல ஆண்டுகளாகப் பொய் எழுதிவந்ததைத் தாமே ஒப்புக்கொண்டார். 7,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மோசடி. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர் என்று அங்கே யாரையாவது சொல்ல வேண்டுமானால், மேல்மாடியில் இருந்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை ஒரு குமாஸ்தா முன்கூட்டியே வெளியே சொல்லியிருந்தால், கம்பெனி என்ற அந்தச் சட்ட நபருக்கு அவர் செஞ்சோற்றுக் கடனைத் தீர்த்தவராவார். 'தனியார் விவகாரத்தில் அரசுக்கு என்ன வேலை' என்ற ஆட்சேபத்துக்கும் இதுவே பதில்: கம்பெனி என்ற அமைப்பும் அதன் கடன் வரம்பும் பொதுச்சட்டம் கொடுத்த வரம். வரம் கொடுத்தவர்களுக்கு, அதன் நிழலில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை உண்டு.

இந்தக் கடமை நடைமுறையில் என்ன விலை கேட்கிறது என்பதற்கு ரான்பாக்ஸி வழக்கைவிட நல்ல உதாரணம் இந்தியாவில் இல்லை. தினேஷ் தாக்கூர் 2003-இல் அந்த மருந்துக் கம்பெனியில் சேர்ந்த பொறியாளர். மறு ஆண்டு, மேலதிகாரியின் கட்டளைப்படி, பல நாடுகளில் மருந்து அனுமதிக்காகக் கம்பெனி கொடுத்திருந்த சோதனைத் தரவுகளைச் சரிபார்க்கத் தொடங்கினார். அவர் கண்டது சிறு பிழைகளையல்ல. பிற்பாடு அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட விவரங்கள் அதை நெருக்கத்தில் காட்டுகின்றன. ஒரு மாத்திரை கடையலமாரியில் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று அறிய, குறிப்பிட்ட மாத இடைவெளிகளில் அதை எடுத்துச் சோதிக்க வேண்டும். இங்கோ அந்தச் சோதனைகள் ஒரே நாளில் அல்லது சில நாட்களுக்குள் நடத்தப்பட்டு, மாதக்கணக்கில் நடந்தவைபோல் தேதியிடப்பட்டிருந்தன. சோதனைக்கு முன் மாதிரிகள் எத்தனை நாள் என்று தெரியாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன, அதுவும் மறைக்கப்பட்டது. வெயிலடிக்கும் ஊரில் ஒரு நோயாளியின் வீட்டு அலமாரியில் இருக்கப்போகும் மாத்திரைக்குத் தரச்சான்று அந்தக் குளிர்பெட்டியிலிருந்து வந்தது. விஷயம் மேலிடத்துக்கு உள்ளுக்குள்ளேயே எடுத்துச் சொல்லப்பட்டது. பயனில்லை, சொன்ன மேலதிகாரி விலகினார். 2005-இல் தாக்கூரும் ராஜினாமா செய்து, புனைபெயரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதினார். 2013 மே மாதம் கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டத்தொகையும் உரிமையியல் தீர்வுமாக 50 கோடி டாலர் கட்டியது. இடையில் கழிந்தவை எட்டு ஆண்டுகள்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது அவருடைய துணிச்சல் மட்டுமல்ல, அதைத் தாங்கிப்பிடித்த சட்டம் எந்த நாட்டுடையது என்பதும்தான். கம்பெனி இந்தியக் கம்பெனி, தொழிற்சாலைகள் இமாசலத்தின் பாவண்டா சாகிபிலும் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸிலும் இருந்தன, ஊழியர் வேலை பார்த்ததும் இங்கேதான். பாதுகாத்ததும் வழக்கை நடத்தியதும், உள்நாட்டுப் போர்க் காலத்தில் இராணுவக் கொள்முதல் மோசடிகளைத் தடுக்க 1863-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம். அரசை ஏமாற்றிய கம்பெனி மீது தனிநபரே அரசின் சார்பில் வழக்குத் தொடுக்க அது இடம் தருகிறது. மீட்கப்படும் தொகையில் அவருக்கும் ஒரு பங்கு தருகிறது. தாக்கூருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 4.86 கோடி டாலர். அந்த மருந்து அமெரிக்காவுக்குப் போகாமல், தருமபுரியிலோ தேவாஸிலோ மட்டும் விற்கப்பட்டிருந்தால் அவருக்கு எந்தச் சட்டம் துணை நின்றிருக்கும்?

நம்மிடம் இருப்பதைப் பார்க்கலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, ஒப்பந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை எழுப்பிய கோபத்தில் முளைத்த சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று, அமலுக்கு வராமலே கிடக்கிறது. வந்தாலும் அது அரசு ஊழியர்கள் செய்யும் ஊழலைப் பற்றியது. தனியார் கம்பெனிக்குள் நடப்பது அதன் எல்லைக்கு வெளியே. தனியாருக்கென்று உள்ளது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 177. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவை, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கியவை, வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவை ஆகிய கம்பெனிகள் 'விஜில் மெக்கானிசம்' என்ற உள்புகார் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும். புகார் செய்தவர் பழிவாங்கப்படாமல் இருக்கப் 'போதுமான' பாதுகாப்பு வேண்டும். எது போதுமானது? பழிவாங்கினால் யாருக்கு என்ன தண்டனை? வேலை போனவருக்கு வேலை திரும்பக் கிடைக்குமா? பிரிவு எதையும் சொல்லவில்லை. ஆனால் அற்பப் புகார்களைத் திரும்பத் திரும்பக் கொடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்பதை மட்டும் 2014-இன் விதி மறக்காமல் சொல்கிறது. பிரிவு 218 இன்னொரு காப்பு: கம்பெனி மீது சட்டப்படியான விசாரணை நடக்கும்போது ஊழியரை நீக்கத் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் வேண்டும். விசாரணை தொடங்குவதற்கே காரணமான புகாரைக் கொடுத்துவிட்டு, அது தொடங்கும்வரை காத்திருக்கும் மாதங்களில் அவருக்கு அந்தக் குடை இல்லை.

அந்த மாதங்களில்தான் எல்லாம் நடந்து முடிகிறது. துப்பாக்கி தேவைப்படுவதில்லை. நேற்றுவரை நல்ல மதிப்பெண் வாங்கியவரின் அப்ரைசல் திடீரென்று கீழே இறங்குகிறது. 'செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்' என்ற தாள் கையில் தரப்படுகிறது. ஊர் மாற்றம் வருகிறது. முக்கியக் கூட்டங்களுக்கு அழைப்பு நிற்கிறது. கடைசியில், நீங்களே ராஜினாமா செய்தால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாகக் கிடைக்கும் என்று மனிதவளப் பிரிவில் தணிந்த குரலில் சொல்வார்கள். அடுத்த கம்பெனி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்குக் கேட்கும் முதல் தாள் அதுதான் என்பது இருவருக்கும் தெரியும். தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவருக்காவது தொழிலாளர் சட்டம் இருக்கிறது. மோசடியைக் காணக்கூடிய இடத்தில் இருக்கிற மேலாளர், கணக்காளர், தரக்கட்டுப்பாட்டு அதிகாரி போன்றோர் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். வழக்குப் போட்டு வென்றாலும் பொதுவாகக் கிடைப்பது நோட்டீஸ் காலச் சம்பளம்தான். இதைத் தெரிந்துகொண்டே அவரிடம் போய் 'உண்மையைச் சொல்' என்று அறம் போதிப்பது எளிது. போதிக்கிறவருக்கு அதில் ஒரு செலவும் இல்லை.

உண்மையைச் சொல்லும் கடமை தனியாக நிற்பதில்லை, கேட்பவரின் கடமையோடு சேர்ந்தே பிறக்கிறது என்பதைப் பழைய மரபுகள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தன. குர்ஆனில் இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அந்நூலின் மிக நீண்ட வசனம். கடன் பத்திரத்தை எழுதுவதும் சாட்சி வைப்பதும் பற்றியது, அதாவது முழுக்க முழுக்க வணிகம். சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கக் கூடாது என்று சொல்லும் அதே வசனம், பத்திரம் எழுதியவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கப்படக் கூடாது என்றும் சொல்கிறது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவம் செய்கிறது என்ற கண்டனம் அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. முதலில் பாதுகாப்பு, பிறகு பழி. விதுரர் சொன்ன கதையிலும் பழியும் பாதுகாப்பும் சேர்ந்தே வருகின்றன. பிரகலாதன் மகன் விரோசனனும் சுதன்வன் என்ற அந்தணனும் தம்மில் உயர்ந்தவர் யார் என்று உயிரைப் பந்தயம் வைக்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் பிரகலாதன். பொய் சொன்னால் மகன் பிழைப்பான். அவன் மகனுக்கு எதிராகவே உண்மையைச் சொல்கிறான். அதைக் கேட்ட சுதன்வன், பிள்ளைப் பாசத்தைவிட அறத்தைப் பெரிதாக நினைத்தாய் என்று மெச்சி, அந்த மகனின் உயிரை அவனுக்கே திருப்பித் தருகிறான். உண்மையைக் கேட்டுப் பயனடைந்தவன், சொன்னவன் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறான். காசியபரின் கணக்கைத் தனியாகப் பிடுங்கி எடுத்து ஊழியர் தலையில் சுமத்துகிறவர்கள் கதையின் இந்த முடிவையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேட்பவர் கடமை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சேபுருகே துறைமுகத்துக்கு வெளியே கவிழ்ந்த 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' கப்பல் ஒரு சாட்சி. வண்டிகள் ஏறும் முன்கதவு மூடப்படாமலே அது புறப்பட்டது. 193 பேர் இறந்தார்கள். மாலுமிகள் பேசாமல் இருந்துவிடவில்லை என்பதை விசாரணை காட்டியது. கதவு மூடியிருக்கிறதா என்று கப்பல் தலைவர் தம் இடத்திலிருந்தே அறிய ஒரு காட்டுவிளக்கு வைத்துத் தாருங்கள் என்று அதே கம்பெனியின் கப்பல் தலைவர்களில் ஒருவர் முன்பே எழுதியிருந்தார். கதவு மூடுகிற ஆள் விழித்திருக்கிறான், குடிக்கவில்லை என்று காட்டவும் ஒரு விளக்கு வேண்டுமா என்ற தொனியில் தலைமை அலுவலகத்தில் கிண்டல் செய்தார்கள். விபத்து நடந்த சில நாட்களில் மற்றக் கப்பல்களில் அந்த விளக்குகள் பொருத்தப்பட்டன. இத்தகைய பேரழிவுகளின் விசாரணைகள்தான் பிரிட்டனில் 1998-இன் பொதுநல வெளிப்படுத்தல் சட்டத்துக்கு வழியமைத்தன. அது தனியார் ஊழியருக்கும் பொருந்தும். பொதுநலன் கருதிச் சொன்னதற்காக ஒருவரை நீக்கினால் அந்த நீக்கமே முறையற்றது. இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிய ஒப்பந்தமும் அந்த அளவில் செல்லாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் மிக உயர்ந்தது ஆன்மிகத் தளத்திலிருந்து வருகிறது. விலை கொடுத்துச் சொல்வதால்தானே உண்மைக்குப் பெருமை, பாதுகாப்பான உண்மையில் என்ன தவம் இருக்கிறது, அரிச்சந்திரன் காப்பீடு கேட்டானா என்று கேட்பார்கள். அரிச்சந்திரன் கதையையே எடுத்துக்கொள்வோம். அவன் மட்டும் துன்பப்படவில்லை. சந்திரமதி விற்கப்பட்டாள், லோகிதாசன் பாம்பு தீண்டி இறந்தான். இன்றைய ஊழியரின் வேலை போகும்போதும் வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் தியாகம் செய்யச் சம்மதிக்காதவர்கள் தலையில்தான் விழுகின்றன. அதைவிட முக்கியம், அரிச்சந்திரன் கதை சுடுகாட்டோடு முடிவதில்லை. தேவர்கள் வந்து நாட்டையும் மனைவியையும் மகனையும் திருப்பித் தருகிறார்கள். உண்மை சொன்னவன் சுடுகாட்டிலேயே கிடக்கட்டும் என்று விட அந்தக் கதைக்கும் மனம் வரவில்லை. இழந்ததைத் திருப்பித் தரும் அந்தக் கடைசிக் காட்சி, நம் காலத்தில் சட்டம் செய்ய வேண்டிய வேலை. தியாகம் செய்கிறவருக்குத்தான் தியாகம் அறம். அதனால் பயன் பெறுகிறவர்கள் 'நீ தியாகம் செய்தே தீர வேண்டும்' என்று கேட்டால் அதற்குச் சுரண்டல் என்று பெயர்.

இரண்டாவது ஆட்சேபம், இது புறங்கூறல் என்பது. வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிக் கண்டித்த குற்றம் அது. விவிலியத்தின் லேவியராகமமும் 19-ஆம் அதிகாரத்தில் கோள் சொல்லித் திரியாதே என்கிறது. ஆனால் குறள் வெறுப்பது, நேரில் சிரித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் பழிப்பதைத்தான். நேருக்கு நேர் கடுமையாகப் பேசினாலும் பேசு, ஆள் இல்லாதபோது பேசாதே என்கிறது. அந்த நூலே, இடித்துச் சொல்வார் இல்லாத அரசன் கெடுப்பார் இல்லாமலும் கெடுவான் என்று எச்சரிக்கிறது. லேவியராகமத்தில் கோள் சொல்வதைத் தடுக்கும் அதே வசனத்தின் அடுத்த பாதி, அயலானின் இரத்தப்பழிக்கு ஆளாகாதே என்பது. அயலானின் உயிர் போகும்போது பார்த்துக்கொண்டு நிற்காதே என்று யூத மரபு அதை விளக்குகிறது. எனவே முதலில் நேரில் சொல்ல வேண்டும் என்பது சரி; நேரில் சொல்வதற்குச் சட்டம் வழிவிட வேண்டும் என்பதும் அதோடு சேர வேண்டும். அமெரிக்காவில் 2010-இன் டாட்-ஃபிராங்க் சட்டப் பாதுகாப்பு, பங்குச்சந்தை ஆணையத்திடம் புகார் கொடுத்தவருக்கே உண்டு, கம்பெனிக்குள் மட்டும் சொன்னவருக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. நேரில் பேசாமல் வெளியே ஓடு என்று அந்த ஏற்பாடு ஊழியருக்குச் சொல்லித் தருகிறது. நம் ஏற்பாடோ உள்ளே சொல்லச் சொல்லிவிட்டு, உள்ளே கேட்காவிட்டால் எங்கே போவது என்று சொல்லாமல் கதவைச் சாத்துகிறது. இரண்டு வழிகளுக்கும் பாதுகாப்புத் தரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆணை இந்த இரண்டையும்விட அறத்துக்கு நெருக்கமானது.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது: பொய்ப் புகாரால் நல்லவர்கள் நாசமாவார்கள். இது வெறும் பயமல்ல. 2019 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிர்வாகத்தின் மீது பெயர் சொல்லாத ஊழியர்களின் கடிதம் வெளிவந்தபோது ஒரே நாளில் பங்கு விலை சுமார் 16 விழுக்காடு சரிந்தது. 2020 ஜனவரியில் தணிக்கைக் குழு, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. இடைப்பட்ட மாதங்களில் சிறுமுதலீட்டாளர் சிலர் நட்டத்துக்கு விற்றிருப்பார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எழுதியவர்கள் ஏன் பெயரை மறைக்கிறார்கள்? பெயர் சொன்னவரைக் காக்கும் சட்டம் வலுவில்லாத இடத்தில்தான் மொட்டைக் கடிதம் பெருகும். மொட்டைக் கடிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது; எழுதியவரைத் திரும்பக் கூப்பிட்டு ஆதாரம் கேட்கவும் முடியாது. ஆக, பாதுகாப்பு அதிகமானால் பொய்யும் அதிகமாகும் என்பதைவிட, பாதுகாப்பு இருந்தால் புகார் முகத்தோடும் ஆதாரத்தோடும் வரும் என்பதற்கே நியாயம் அதிகம். பொய் என்று தெரிந்தே சொன்னவரைத் தண்டிக்கட்டும். நியாயமாக நம்பிச் சொன்னது பிறகு தவறென்று தெரிந்தால் தண்டிக்கக் கூடாது. தீ என்று நினைத்துக் கூவியவன் கண்டது வெறும் புகை என்றால் அவனை அடித்துவிரட்டும் தெருவில், அடுத்த முறை உண்மையிலேயே தீப்பிடித்தாலும் யாரும் கூவ மாட்டார்கள்.

கடைசி ஆட்சேபம் நோக்கத்தைப் பற்றியது. பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரத்தில் சொல்கிறார், பரிசுப் பணத்துக்காகச் சொல்கிறார், பலன் கருதிச் செய்வது எப்படி அறமாகும் என்கிறார்கள். சொன்னவரின் ஆன்மிகக் கணக்கைப் பார்க்கும்போது இந்தக் கேள்விக்கு இடமுண்டு. பலனில் பற்று வைத்தவருக்குக் கீதை சொல்லும் உயர்ந்த நிலை கிட்டாமல் போகலாம். ஆனால் குளிர்பெட்டியில் வைத்துச் சோதிக்கப்பட்ட மாத்திரையை விழுங்கிய நோயாளிக்கு, அதைச் சொன்னவரின் உள்மனம் எப்படி இருந்தால் என்ன? பிரிட்டன் 2013-இல் நல்லெண்ணம் இருந்தால்தான் பாதுகாப்பு என்ற நிபந்தனையை நீக்கியது. நல்லெண்ணம் இல்லையென்று தெரிந்தால் இழப்பீட்டைக் குறைக்கலாம், பாதுகாப்பை மறுக்க முடியாது. சரியான பிரிவினை அது: நோக்கத்தைக் கடவுளும் மனசாட்சியும் பார்த்துக்கொள்ளட்டும், ஆதாரத்தைச் சட்டம் பார்க்கட்டும். பரிசு தருவதில் ஆபத்து உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். குற்றம் பெருத்து, பரிசும் பெருக்கட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். ஆனால் அது பரிசின் அளவையும் முறையையும் பற்றிய விவாதம். வேலை பறிக்கப்பட்டவருக்கு அந்த வேலையையும் இழந்த சம்பளத்தையும் திருப்பித் தருவதைப் பரிசு என்று யாரும் சொல்ல முடியாது.

இவையெல்லாம் இந்தியாவில் நடக்காத காரியங்கள் என்றும் சொல்ல முடியாது. பங்குச்சந்தையில் உள்தகவலை வைத்து வியாபாரம் செய்வதைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்காக 2019-இல் செபி ஒரு தனி ஏற்பாட்டை உருவாக்கியது. துப்புக் கொடுத்தவரை நீக்குவதும் பதவி இறக்குவதும் மிரட்டுவதும் அங்கே தடுக்கப்பட்டிருக்கின்றன. செபியிடம் போகக் கூடாது என்று ஊழியரைக் கட்டிப்போடும் ஒப்பந்த வாசகம் செல்லாது. முதலில் 1 கோடி ரூபாய் வரை என்றிருந்த பரிசு பிறகு 10 கோடி வரை உயர்ந்தது. எப்படிக் காப்பது என்று நமக்குத் தெரியும். முதலீட்டாளரின் பணம் தவறான கைக்குப் போவதைச் சொன்னவரைக் காக்கிறோம். கலப்பட மருந்தையோ, விஷப்புகையையோ, தொழிலாளியின் உயிருக்கு உலைவைக்கும் கொதிகலனையோ பற்றிச் சொன்னவரை அவருடைய கம்பெனியின் நல்லெண்ணத்திடமே விட்டுவிடுகிறோம். இந்த வேறுபாட்டுக்குச் சட்ட நுணுக்கம் காரணமல்ல. யாருடைய இழப்பு நமக்கு அவசரமாகப் பட்டது என்பதே காரணம்.

ஆகவே தேவைப்படுவது பெரிய புதுமை ஒன்றும் இல்லை. செபியின் அந்த ஏற்பாடு எல்லாத் தனியார் கம்பெனிகளுக்கும், உயிரையும் உடலையும் பொதுப்பணத்தையும் பாதிக்கும் எல்லாத் தவறுகளுக்கும் விரிய வேண்டும். பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை, புகாருக்குப் பின் நடவடிக்கை எடுத்த கம்பெனி மேல் விழ வேண்டும். ஏனென்றால் அப்ரைசல் தாள்களும் மின்னஞ்சல்களும் அதன் கையில்தான் இருக்கின்றன. வழக்கு முடியும்வரை வேலையும் சம்பளமும் தொடர இடைக்கால உத்தரவு வேண்டும். பத்தாண்டு கழித்து வரும் வெற்றியை வைத்து வாடகை கட்ட முடியாது. உள்ளே கேட்கப்படாதவர் போவதற்கு, கம்பெனிக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பு வெளியே வேண்டும். இவற்றைக் கருணையாகச் செய்ய வேண்டியதில்லை. கெடாத மருந்தை விழுங்கியவர்களும், மூழ்காத வங்கியில் சேமித்தவர்களும், நச்சு கலக்காத தண்ணீரைக் குடித்தவர்களும் யாரோ ஒருவர் பேசியதன் பலனை உண்டவர்கள். செய்ந்நன்றி என்ற சொல்லுக்கு அலுவலக வாசலுக்கு உள்ளே ஒரு பொருளும் வெளியே ஒரு பொருளும் இல்லை. ஊழியரிடம் முதலாளிக்கான நன்றியை எதிர்பார்க்கும் சமூகம், அந்த ஊழியருக்குத் தான் பட்டிருக்கும் கடனைச் சட்டமாக எழுதி அமலுக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்யும்வரை, பேசாமல் இருந்துவிட்டவர்களிடம் ஏன் பேசவில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு வராது.